தாத்தாவோட ஹெரால்டை ரெடி பண்றீங்களா? பெயின்ட்டுக்கு முன்னாடி அடியில குனிஞ்சு பாருங்க!

பழைய கார் ஒண்ணு கையில சிக்கினதும் நாம முதல்ல என்ன பண்ணுவோம்? ஒரிஜினல் கலர் தேடுவோம். குரோம் பம்பரைப் பளபளன்னு ஆக்குவோம். இன்ஸ்டாவுல போட அதெல்லாம் ஓகே. ஆனா, வளைவுல உங்களையும் வண்டியையும் சேர்த்துத் தாங்கப்போறது சஸ்பென்ஷன்தான். அங்கே இருக்கிற பாகம் அந்த வண்டிக்கே உரியதா, நடுவுல யாரோ ஒட்டவெச்சதா என்று தெரியாமல் செலவு பண்ணினால், பணத்தோடு போகாது, சக்கரமே மடங்கலாம்.

உதாரணத்துக்கு நம்ம ஊர் வண்டியையே எடுத்துப்போம். ஸ்டாண்டர்டு ஹெரால்ட். இங்கிலாந்தில் 1959-ல் வந்த டிரையம்ப் ஹெரால்டின் மதராஸ் பிறப்பு. வண்டலூர் பக்கம் இருந்த தொழிற்சாலையில் 1960-களில் தயாரானது. இங்கிலாந்துக்காரர்களே பார்க்காத நாலு கதவு மாடல்கூட இங்கே வந்தது. உங்க ஏரியாவுல ஏதோ ஒரு ஷெட்டுக்குள்ள தார்ப்பாய் மூடி ஒண்ணு நின்றுகொண்டிருக்கலாம்.

முன்சக்கரத்திலிருந்து ஆரம்பிக்கலாம். சக்கரத்தைத் தாங்குவது செங்குத்தான ஓர் இரும்புத் தண்டு. அதன் மேல்முனையில் பால் ஜாயின்ட். கீழ்முனையில் போல்ட் மாதிரி மரை போட்டிருக்கும். அந்த மரை, பித்தளை நிறத்தில் இருக்கும் ஒரு கட்டைக்குள் இறங்கியிருக்கும். அதுக்குப் பேர் டிரன்னியன். நீங்க ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது, தண்டு அந்த மரைக்குள்ளேயே திரும்பும். வெறும் 25 அடி வட்டத்துக்குள் ஹெரால்ட் திரும்பிடும் என்று பெரியவங்க பெருமையாச் சொல்வாங்களே, அந்த அளவுக்கு ஒடியுற முன்சக்கரத்தைத் தாங்குறது இந்தச் சின்னக் கட்டைதான்.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. ஒரு பக்கம் வலது மரை, இன்னொரு பக்கம் இடது மரை. பார்க்க இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். புதுப்பேட்டையில் ஒரு ஜோடி கிடைச்சிடுச்சுன்னு சந்தோஷத்துல வாங்கி வந்து பார்த்தா, இரண்டுமே ஒரே பக்கத்துக்கானதா இருக்கலாம். அதனால உங்க பழைய தண்டைக் கையோட எடுத்துட்டுப் போங்க. கையாலேயே திருகிப் பாருங்க. ஸ்மூத்தா இறங்கணும், ஆடக் கூடாது. ஸ்பேனர் போட்டு இறுக்கித்தான் இறக்கணும் என்றால் அது உங்களுக்கானது இல்லை.

அடுத்து, கிரீஸ். டிரன்னியனுக்குப் போட வேண்டியது கிரீஸ் இல்லை, ஆயில். கியர் பாக்ஸுக்கு ஊற்றுவோமே, 90 கிரேடு, அந்த மாதிரி கெட்டியான ஆயில். கிரீஸ் அடிச்சா அது மரையின் அடிவரைக்கும் இறங்காது. தண்ணீர் தேங்கும், துரு பிடிக்கும், ஒருநாள் ஸ்டீயரிங்கை முழுசா ஒடிக்கும்போது தண்டு மரையிலேயே முறியும். அதனால, டிரன்னியன் ஒரிஜினலாவே இருந்தாலும், கழற்றித் துடைச்சதும் மரையில் துருக்குழி தெரிஞ்சா அந்தத் தண்டைத் திரும்பப் போடாதீங்க. 'ஒரிஜினல்' என்ற பாசமெல்லாம் இந்த இடத்துல வேண்டாம்.

முன்பக்கக் காயில் ஸ்பிரிங்கிலும் ஒரு குழப்பம் உண்டு. டிரையம்ப் வைட்டஸ், ஜிடி6 எல்லாம் இதே குடும்பம். ஆனா, அவற்றில் ஆறு சிலிண்டர் இன்ஜின், எடை அதிகம், ஸ்பிரிங்கும் கடினம். ஆன்லைனில் வாங்கி ஹெரால்டில் மாட்டினால் உட்காரும்தான். வண்டி மட்டும் மூக்கைத் தூக்கிக்கிட்டு நிற்கும்.

பின்பக்கம் வாங்க. ஹெரால்டின் அடையாளமே அங்கேதான். வழக்கமா பட்டை ஸ்பிரிங் வண்டியின் நீளவாக்கில், பக்கத்துக்கு ஒண்ணா இருக்கும். இதில் ஒரே ஒரு பட்டை அடுக்கு, டிஃபரன்ஷியல் மேலே குறுக்காகப் படுத்திருக்கும். இரண்டு சக்கரமும் அதன் முனைகளில் தொங்கும். இந்த ஸ்விங் ஆக்சில் அமைப்பு இங்கே பலருக்கும் பிடிக்காமல்போக, 1972-ல் வந்த ஸ்டாண்டர்டு கெஸலில் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே ஆக்சிலுக்கு மாறிட்டாங்க. ஆக, ஹெரால்ட் என்று சொல்லி விற்கிற வண்டிக்கு அடியில் அப்படி ஓர் ஆக்சில் தெரிஞ்சா, நடுவுல பெரிய ஆபரேஷன் நடந்திருக்குன்னு அர்த்தம். விலையை அப்புறம் பேசுங்க.

பட்டை அடுக்கின் நடுப்பகுதியையும் டார்ச் அடிச்சுப் பாருங்க. ஹெரால்டில் எல்லாப் பட்டையும் சேர்த்து டிஃபரன்ஷியலோடு இறுக்கியிருக்கும். 1970-க்குப் பிறகு வந்த ஸ்பிட்ஃபயரில் ஒரு பட்டை மட்டும் இறுக்கம். மற்றவை நடுவில் ஊசலாடும். அது பாதுகாப்பானதுதான். ஆனா, அதோட முன்பக்க ஆன்டி ரோல் பாரும் தடிமனாகணும். பாதியை மட்டும் மாற்றிய வண்டி வளைவில் அதிகமா சாயும்.

இன்னொண்ணு, ஜாக்கை இறக்கினதும் பின்சக்கரம் கோணலா நிற்கும். உடனே 'ஸ்பிரிங் டூப்ளிகேட்'னு முடிவு பண்ணாதீங்க. வண்டியைக் கொஞ்ச தூரம் முன்னும் பின்னும் உருட்டிட்டுப் பாருங்க. அப்பவும் சக்கரத்தின் மேல்பக்கம் ரொம்ப உள்ளே சாய்ஞ்சிருந்தா ஸ்பிரிங் தொய்ஞ்சுபோச்சு.

முத்திரை? இங்கிலாந்தில் செய்த வார்ப்புப் பாகங்கள் பலவற்றில் 'ஸ்டான்பார்ட்' என்ற பெயரும் பாக எண்ணும் புடைப்பாக இருக்கும். வயர் பிரஷால் தேய்ச்சா வெளியே வரும். கிரைண்டர் பக்கம் மட்டும் போயிடாதீங்க, எழுத்தே போயிடும். முத்திரை இல்லாததால் போலி என்றும் சொல்லிட முடியாது. இங்கே படிப்படியா உள்ளூர்ப் பாகங்களுக்கு மாறினாங்க.

ரப்பர் புஷ்களில் ஒரிஜினல் தேடி அலையாதீங்க. பல வருஷமா டப்பாவுல கிடந்த ரப்பர் வெடிச்சுத்தான் இருக்கும். அளவு சரியான, புதுக் கறுப்பு ரப்பர் போதும். சிவப்பு, மஞ்சள் கலர்ல வர்ற பாலியூரித்தேன் புஷ்கள் உழைக்கும்; ஆனா, தாத்தா ஓட்டிய அந்த மெத்துமெத்து சவாரி இருக்காது.

கழற்றும் ஒவ்வொண்ணையும் முதல்ல போட்டோ எடுங்க. இடது, வலதுன்னு சீட்டு எழுதிக் கம்பியால கட்டிவைங்க. முக்கியமா, புதுசு மாட்டி வண்டி ஒரு மாசம் ஓடுற வரைக்கும் பழசைக் காயலான் கடைக்குப் போடாதீங்க. அடுத்த பாகம் தேடும்போது, அளவு பார்க்க அதுதான் கையில இருக்கும்.