வைரஸ் போன பிறகுதான் கவனம் தேவை

மாற்றிப் பொருத்திய கல்லீரலில் ரத்தம் ஓடத் தொடங்கியதும் ஹெபடைடிஸ் சி வைரஸும் அதற்குள் நுழைந்துவிடுகிறது. அறுவைக்கு முன் ரத்தத்தில் வைரஸ் இருந்தவர்கள் இதற்குத் தப்புவது அபூர்வம். இன்டர்ஃபெரான் ஊசிக் காலத்தில், இவர்களில் 20 முதல் 30 சதவீதம் பேருக்கு ஐந்து ஆண்டுகளுக்குள் புதுக் கல்லீரலும் சிரோசிஸில் சுருங்கியது.

அன்றைய டாக்டர்களின் சங்கடம் கொஞ்சமல்ல. உடல் கல்லீரலை நிராகரிக்கிறதே என்று ஸ்டீராய்டை ஏற்றினால் வைரஸ் பெருகும். வைரஸை அடக்க இன்டர்ஃபெரான் போட்டால், தூண்டப்பட்ட எதிர்ப்பு சக்தி கல்லீரலையே தாக்கக்கூடும். பயாப்சியிலோ இரண்டு பாதிப்பும் பல நேரம் ஒன்றுபோலத் தெரியும்.

2013 இறுதியில் அமெரிக்காவில் இந்த வைரஸை ஒழிக்கும் சோஃபோஸ்புவிர் மாத்திரை வந்தது. அப்போது 12 வாரத்துக்கு 84,000 டாலர். இந்தியாவில் ஜெனரிக் வந்து விலை சரிந்தது. இன்று, கல்லீரல் மாற்று அறுவைக்குப் பிறகும் 90 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள்.

என் கவலையே அதற்கப்புறம்தான். வைரஸ் ஒழிந்து தெம்பான கல்லீரல், எதிர்ப்பு சக்தியை அடக்கி நிராகரிப்பைத் தடுக்கும் டேக்ரோலிமஸ் மாத்திரையையும் வேகமாகச் செரித்துவிடும். விழுங்குவது அதே அளவுதான். ரத்தத்தில் நிற்பது குறைவு. நிராகரிப்பு இந்த இடைவெளியில் தலைதூக்கலாம். அதனால்தான் ரத்தத்தில் இந்த மருந்தின் அளவை, அதாவது 'டேக்ரோ லெவல்', பார்க்கிறார்கள். அந்த நாளில் நோயாளிகள் காலை மாத்திரையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு லேப் வாசலில் காத்திருக்கிறார்கள். ரத்தம் கொடுத்த பிறகே அதை வாயில் போட வேண்டும். நன்றாகத்தானே இருக்கிறோம் என்று முதலில் கைவிடுவதும் இந்தப் பரிசோதனையைத்தான்.

கொரோனாவுக்குப் பிறகு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: 'இம்யூனிட்டி' கஷாயம். எதிர்ப்பு சக்தியை அடக்க மாதாமாதம் செலவழிப்பவர் வீட்டிலேயே, அதைக் கூட்டுவதற்கும் ஒரு டம்ளர்! இந்தக் கஷாயங்களில் சேரும் சீந்திலைச் சாப்பிட்டவர்களுக்குத் தன்னுடல் தாக்கு வகைக் கல்லீரல் அழற்சி வந்ததை 2021 முதல் இந்திய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சரியான சீந்தில் தீங்கு செய்யாது என்பது சித்த மருத்துவத் தரப்பின் வாதம். இருக்கட்டும், மாற்றுக் கல்லீரலோடு வாழ்பவர் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை. பம்பளிமாஸ் பழமும் வேண்டாம். அது டேக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும்.

“வேறு மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?” என்று டாக்டர் கேட்டால் பலரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். கஷாயத்தை யார் மருந்துக் கணக்கில் சேர்க்கிறார்கள்? சீந்தில், லேகியம், சூரணம் என்று பெயர் சொல்லியே கேட்க வேண்டும். கூட வந்தவரிடமும் ஒருமுறை.