அழகுப் பொருள்களில் நுண்ணுயிர்ச் சோதனை

1940ஆம் ஆண்டின் மருந்துச் சட்டத்தின் வரம்புக்குள் அழகுப் பொருள்கள் 1962ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வாயிலாகவே கொண்டுவரப்பட்டன. இவற்றுள் நீர் கலந்த கிரீம்களே மிகுந்த எச்சரிக்கைக்குரியவை; உலர்ந்த முகப்பவுடரில் கிருமிகள் எளிதில் பெருகுவதில்லை. சர்வதேசத் தரம் 17516இன்படி ஒரு கிராமில் 1,000 நுண்ணுயிர்கள் வரை இருக்கலாம்; கண்ணுக்கும் மழலையருக்கும் உரியவற்றில் 100 மட்டுமே. சூடோமோனாஸ் ஏருஜினோசா என்னும் கிருமியோ அறவே இருத்தலாகாது. கீறல்பட்ட விழியில் புகுந்தால் பார்வையையே பறிக்கவல்லது அது.

சோதனையில் ஒரு நுட்பம் உண்டு. கிரீமில் கலந்துள்ள பதனப்பொருளை முதலில் செயலிழக்கச் செய்ய வேண்டும். இல்லையேல் அது வளர்ப்பு ஊடகத்திலும் கிருமிகளை அடக்கிவைத்து, மாசுபட்ட சரக்கையும் தூயதெனக் காட்டிவிடும். செலவு கருதி இதனைத் தவிர்ப்பது சிக்கனமன்று. ஆலையில் தேறிய பொருளும் பயன்படுத்துவோரின் விரல் பட்டு மாசடையலாம். ஆகவே, கிருமிகளை வேண்டுமென்றே புகுத்தி, 28 நாள்கள் வரை அவை மடிகின்றனவா என்று கண்காணிக்கும் தனிச் சோதனையும் நடத்தப்படுகிறது.