இரண்டு மடங்கு சரி, எதில் இரண்டு மடங்கு?

"அண்ணா, அவனும் நானும் ஒரே லைன், ஒரே ஷிப்ட். போன மாசம் ரெண்டு பேரும் இருபத்து நாலு மணி நேரம் ஓ.டி. பார்த்தோம். அவனுக்கு வந்ததுல பாதிதான் எனக்கு வந்திருக்கு. கேட்டா, உன் கான்ட்ராக்டரைப் போய்க் கேளுங்கறாங்க."

கர்நாடக எல்லையோரத்து ஜவளகிரி மாதிரி ஊரில் இந்தக் கேள்வியைக் கேட்க டீக்கடையை விட்டால் வேறு இடம் இல்லை. அப்பா கேழ்வரகு நிலத்தில் நிற்கிறார். ஒரு மகன் ஓசூர் சிப்காட்டுக்குக் கம்பெனி பஸ் ஏறுகிறான். இன்னொருவன் எல்லை தாண்டி ஆனேக்கல் தாலுகாவின் ஜிகணிக்கோ பொம்மசந்திராவுக்கோ போகிறான். சம்பளத் தேதிக்கு மறுநாள் எல்லாருடைய சீட்டும் ஒரே பெஞ்சில் விரிகிறது. கேள்வி சின்னதுதான். பதில் ஒரு கிளாஸ் டீக்குள் முடியாது, இரண்டாவதற்கும் சொல்லிவிடுங்கள்.

முதலில் பழைய சட்டம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இப்போது புதிய சட்டத் தொகுப்புக்கு வழிவிட்டிருக்கிறது. ஆனால் கையில் இருக்கும் சம்பளச் சீட்டுகளெல்லாம் அதன் பழக்கத்தில் அச்சடித்தவை. அது தெரியாமல் புதியது பிடிபடாது. அதன் கணக்கு இது: வாரத்துக்கு 48 மணி நேரம், நாளைக்கு 9 மணி நேரம். இதில் எதைத் தாண்டினாலும், தாண்டிய நேரத்துக்குச் சாதாரண சம்பளத்தைப் போல இரண்டு மடங்கு. நாளைக்கு எட்டு மணி நேரம்தானே என்று பலர் கேட்பார்கள். வாரம் ஆறு நாள், நாளுக்கு எட்டு மணி என்றால் 48 அதிலேயே தீர்ந்துவிடும். அதற்கு மேல் நிற்கிற ஒவ்வொரு மணியும் ஓ.டி., அதாவது ஓவர்டைம்தான். வாரத்துக்கு ஐந்தே நாள், நாளுக்கு ஒன்பது மணி என்று ஓடும் கம்பெனியில் அந்த ஒன்பதாவது மணிக்கு ஓ.டி. கிடையாது. வாரக் கணக்கு 45இல் நின்றுவிடுகிறதே.

ஞாயிற்றுக்கிழமை வேலையிலும் இதே குழப்பம். ஞாயிறு வரச் சொல்லிவிட்டு, அதற்கு ஒட்டினாற்போல் முன்னே பின்னே மூன்று நாளுக்குள் வேறொரு நாள் லீவு விட்டால் அது சட்டப்படியான மாற்று விடுமுறை. அந்த வாரம் மொத்தம் 48க்குள் நின்றால் இரட்டைச் சம்பளம் கேட்க முடியாது. ஆனால் நான்கு மணி ஓ.டி. பார்த்தவனிடம், "காசு இல்லை, அரை நாள் காம்ப் ஆஃப் எடுத்துக்கோ" என்பது வேறு விஷயம். அதற்குச் சட்டத்தில் இடம் இல்லை.

சரி, இரண்டு மடங்கு. எதில் இரண்டு மடங்கு? கேள்வி கேட்ட பையனுடைய சீட்டின் ரகசியம் இங்கேதான் இருக்கிறது. கணக்குக்காக ஒரு சம்பளம் வைத்துக்கொள்வோம். அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து 12,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி, பயணப்படி வகையறா 6,000. மொத்தம் 18,000. வழக்கப்படி 26 நாளால் வகுத்து, பிறகு எட்டால் வகுத்தால் ஒரு மணி நேரத்தின் விலை 86 ரூபாய் 54 காசு. அதன் இரண்டு மடங்கு 173 ரூபாய் சொச்சம். இருபத்து நாலு மணி நேரத்துக்கு 4,154 ரூபாய்.

நிரந்தரத் தொழிலாளியான அவனுக்கு வந்தது 2,769 ரூபாய். எப்படி? கம்பெனி 12,000ஐ மட்டும் எடுத்து இரட்டித்திருக்கிறது. கான்ட்ராக்டில் இருக்கிற இவனுக்கு வந்தது 1,385. அதே 12,000, இரட்டிக்கக்கூட இல்லை. பேச்சில் இதற்குப் பெயர் 'சிங்கிள் ஓ.டி.'.

இப்போது இதை முதலாளி பக்கத்திலிருந்து பாருங்கள். இவனுடைய சாதாரண மணி நேரம் கம்பெனிக்கு 86 ரூபாய் 54 காசு. ஓ.டி. மணி நேரமோ 57 ரூபாய் 69 காசு. கூடுதல் வேலைக்குக் கூடுதல் காசு என்று சொல்லிக்கொண்டே, நாளின் களைத்துப்போன கடைசி மணிகளை மூன்றில் இரண்டு பங்கு விலைக்கு வாங்குகிறார்கள். நிரந்தரத் தொழிலாளிக்கும் உண்மையில் ஒன்றே கால் சொச்சம் மடங்குதான் கிடைக்கிறது. இரட்டைச் சம்பளம் என்பது தொழிலாளிக்கு வெகுமதியாக வைத்தது அல்ல, முதலாளிக்கு அபராதமாக வைத்தது. இருக்கிற ஆளையே வதைக்காதே, கட்டுப்படியாகாது, இன்னொரு ஆளை எடு என்பதுதான் அதன் நோக்கம். அந்த அபராதத்தைத் தள்ளுபடியாக மாற்றியதுதான் சம்பளத்தை அடிப்படை, படி என்று பிரித்து அடுக்கிய வித்தை. ஓ.டி. பற்றி ஒரே ஒரு விஷயம் நினைவில் வைத்துக்கொள்வதானால் நான் இதைத்தான் சொல்வேன்.

இந்த விகிதமும் எப்போதும் இரண்டாக இருந்ததில்லை. 1922ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தில் வாரம் 60 மணி நேரம் வேலை. அதற்கு மேல் போனால் ஒன்றே கால் மடங்கு. நாடு விடுதலை ஆனதும் வந்த 1948 சட்டத்தில் அது இரண்டு மடங்கு. அமெரிக்காவில் வாரம் 40 மணிக்கு மேல் ஒன்றரை மடங்கு. இலங்கையிலும் ஒன்றரை. ஜப்பானில் சாதாரண ஓ.டி.க்குக் கால் பங்குதான் அதிகம். காகிதத்தில் நம்முடையது தாராளமான விகிதம். கைக்கு வரும்போது 1922க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது.

படிகளைச் சேர்க்க வேண்டுமா வேண்டாமா என்பது டீக்கடைச் சண்டை மட்டுமல்ல. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை, மத்திய அரசின் பீரங்கி வண்டிகள் செய்யும் இடம். அங்குள்ள தொழிலாளர் சங்கம் இதே கேள்வியைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனது. வீட்டு வாடகைப்படியும் பயணப்படியும் ஓ.டி. கணக்கில் சேரும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2011இல் சொன்னது. மத்திய அரசு விடவில்லை, மேலே போனது. 2026 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தொழிலாளர் பக்கமே நின்றது. போனஸும் ஓ.டி. காசும் மட்டும்தான் சேராது என்று சட்டமே சொல்லியிருக்கும்போது, இலாகா சுற்றறிக்கையை வைத்து மற்றப் படிகளைக் கழிக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அரசாங்கத் தொழிற்சாலைக்கே இத்தனை வருடம் ஆயிற்று என்றால், சங்கம் இல்லாத கான்ட்ராக்ட் பையன் என்ன செய்வான்?

கான்ட்ராக்டரைக் கேள் என்று கை காட்டுவதும் பாதி உண்மைதான். கான்ட்ராக்டர் கொடுக்கத் தவறினால் கம்பெனிதான் கொடுக்க வேண்டும். 1970இன் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் அப்படி எழுதியது, புதிய தொகுப்பும் அதை விடவில்லை. அப்ரண்டிஸ் என்று சேர்ந்த பிள்ளைகள் கதை இன்னும் விசித்திரம். அவர்களை ஓ.டி.யில் நிறுத்தவே கூடாது. நிறுத்த வேண்டுமென்றால் அப்ரண்டிஸ் ஆலோசகரின் அனுமதி வேண்டும். 'டிரெய்னி' என்று வாயால் சொல்லி, பதிவே செய்யாமல் லைனில் நிறுத்தப்பட்டவன் சட்டத்தின் கண்ணில் தொழிலாளிதான். ஆனால் அதை நிரூபிக்கிற வேலை அவன் தலையில் விழுகிறது. 'ஸ்டாஃப்' என்று அடையாள அட்டையில் நிறம் மாறிய சூப்பர்வைசருக்கு ஓ.டி. இல்லை. கௌரவம் உண்டு, காம்ப் ஆஃப் உண்டு. அதை எடுக்க விட்டால்.

தளி பக்கம் ரோஜாப் பண்ணைகளில் பிப்ரவரி 14க்கு முன்பு இரவு பகலாகப் பூ கட்டுகிறார்களே, அது விவசாயக் கூலி. தொழிற்சாலைச் சட்டம் அந்தப் பசுமைக் குடிலின் வாசலிலேயே நின்றுவிடும்.

இரட்டைச் சம்பளத்தோடு பழைய சட்டம் இன்னொரு பூட்டும் போட்டது. மூன்று மாதத்துக்கு 50 மணி நேரம்தான் ஓ.டி., அவசர வேலை நெருக்கடிக்குச் சிறப்பு அனுமதி வாங்கினால் 75 மணி நேரம். உடம்பைக் காப்பாற்றத்தான் இந்தப் பூட்டு. நடந்தது என்ன? 75ஐத் தாண்டிய மணிகள் பதிவேட்டில் ஏற முடியாது. அவை 'புரொடக்‌ஷன் இன்சென்டிவ்', 'அட்டெண்டன்ஸ் அவார்டு' என்று வேறு பெயரில் சீட்டில் வரும், அல்லது கவரில் வரும். பதிவேட்டில் இல்லாத மணிக்கு இரட்டிப்பும் கேட்க முடியாது. இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தால் எல்லாம் சுத்தமாக இருக்கும். வேடிக்கை என்னவென்றால், பூட்டு போடாதீர்கள் என்று தொழிலாளியே கேட்பான். பைக் தவணை ஓ.டி. காசில்தானே ஓடுகிறது.

இங்கேதான் ஜவளகிரியின் எல்லை விளையாடுகிறது. கர்நாடகம் 2023இல் தன் பக்கத்துச் சட்டத்தைத் திருத்தியது. தொழிலாளி எழுத்தில் சம்மதித்தால் நாளுக்கு 12 மணி நேரம் வரை, மூன்று மாத ஓ.டி. 75இலிருந்து 145 மணி நேரம். அதே வருடம் ஏப்ரல் 21ஆம் தேதி தமிழ்நாடு சட்டமன்றமும் 12 மணி நேரத்துக்கு வழிவிடும் மசோதாவை நிறைவேற்றியது. ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. மூன்றே நாளில் நிறுத்திவைத்தார்கள். மே 1 அன்று சென்னை மே தினப் பூங்காவில் முதலமைச்சர் ஸ்டாலின் அதைத் திரும்பப் பெற்றதாக அறிவித்தார். தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் சென்னையில் முதல் மே தினம் கொண்டாடி அன்றைக்குச் சரியாக நூறு வருடம்.

அந்த மசோதா மேல் எனக்கிருந்த சந்தேகம் களைப்பைப் பற்றியது மட்டுமல்ல. வாரம் நான்கே நாள், நாளுக்கு 12 மணி நேரம், மூன்று நாள் லீவு என்று விளக்கினார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கணக்கில் பத்தாவது, பதினோராவது, பன்னிரண்டாவது மணிகள் அதுவரை ஓ.டி. மணிகள். வாரம் 48 என்ற பையில் அவற்றைப் போட்டுவிட்டால் அவை சாதாரண மணிகள் ஆகிவிடும். இரட்டைச் சம்பளத்தைக் குறைக்காமலே குறைக்கும் வழி அது. குஜராத்தில் 2020 ஏப்ரலில் கொரோனாவைக் காரணம் காட்டி நேராகவே இதைச் செய்தார்கள்: 12 மணி நேரம், கூடுதல் மணிக்குச் சாதாரணச் சம்பளம். அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்துசெய்து, பாக்கி ஓ.டி.யைக் கொடு என்றது.

அப்போ கர்நாடகப் பக்கம் போனால் நல்லதா என்று பையன் கேட்டான். 145 மணி நேரத்தையும் பதிவேட்டில் ஏற்றி, முழுச் சம்பளத்தில் இரட்டிப்பும் கொடுத்தால் காசுக்கு நல்லதுதான். உடம்புக்கு நல்லதா என்பது வேறு. இருட்டிய பிறகு யானை இறங்கும் காட்டுச் சாலையில் வீடு திரும்புகிறவனுக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்பது பதினைந்து மணி நேரம்.

காசிலும் ஒரு ஓட்டை இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. ஓ.டி. காசுக்கு பி.எஃப். பிடிப்பதில்லை. கிராஜுவிட்டியில் அது சேராது. போனஸிலும் சேராது. பழைய சட்டத்தில் இ.எஸ்.ஐ. சந்தா மட்டும் அதற்கும் 0.75 சதவீதம் பிடித்தார்கள். இ.எஸ்.ஐ.யில் சேர்வதற்கான 21,000 ரூபாய் வரம்பைப் பார்க்கும்போது ஓ.டி.யைச் சேர்க்கவில்லை என்பது ஒரு நல்ல விஷயம். பத்து வருடம் ஓ.டி. பார்த்தே குடும்பத்தை ஓட்டியவன் வேலையை விட்டு நிற்கும்போது, அந்தப் பத்து வருடத்துக் கூடுதல் உழைப்பு எந்தக் கணக்கிலும் இருக்காது. ஆர்டர் குறைந்தால் முதலில் வெட்டுப்படுவதும் அதுதான்.

இனி புதிய தொகுப்பு. நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. நாளுக்கு எட்டு மணி நேரம் என்று நேராகவே எழுதியிருக்கிறது. ஓ.டி.க்குத் தொழிலாளியின் சம்மதம் வேண்டும். இரண்டு மடங்கு அப்படியே இருக்கிறது. ஆனால் சம்பளம் என்றால் என்ன என்ற விளக்கம் மாறிவிட்டது. வீட்டு வாடகைப்படி, பயணப்படி போன்றவை அதில் சேராது. அப்படி வெளியே நிற்பவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டியது மட்டும் உள்ளே வரும். 18,000 ரூபாய்க்காரனுக்கு வெளியே நிற்பது 6,000, பாதிக்கும் கீழே. ஆக 12,000இல் இரட்டிப்பு என்று கம்பெனி போட்ட கணக்கை இனிச் சட்டமே போட்டுத் தரும். ஆவடிக்காரர்கள் பழைய சட்டத்தை வைத்து வென்ற நேரத்தில் அந்தச் சட்டமே இடம் பெயர்ந்துவிட்டது. அடிப்படையை வெறும் 5,000 என்று வைத்து மற்றதைப் படியாக அடுக்கிய இடங்களில் மட்டும் புதிய விளக்கம் தொழிலாளிக்குச் சாதகம். இன்னொன்று, மின்சாரத்தில் ஓடும் பட்டறை பத்துப் பேர் இருந்தால் தொழிற்சாலை என்றிருந்தது, இப்போது இருபது பேர் வேண்டும். ஓசூரின் சின்னச் சின்ன லேத் பட்டறைகளை நினைத்துப் பாருங்கள்.

அதனால் தம்பி, உனக்கு வர வேண்டியது எந்தச் சட்டப்படி எவ்வளவு என்பதில் சண்டை இருக்கலாம். 1,385 என்பது எந்தச் சட்டத்திலும் இல்லை, அதில் சண்டைக்கே இடம் இல்லை. போன மாதச் சீட்டு இருக்கிறது. இந்த மாதத்திலிருந்து உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் இரண்டையும் வீட்டு காலண்டரிலேயே தேதி தேதியாக எழுதி வை. அவர்கள் பதிவேடு நாலு மணி நேரத்தை மறந்தாலும் உன்னிடம் ஒரு கணக்கு இருக்கும். பிறகு கம்பெனி, கான்ட்ராக்டர் இரண்டு பேர் பெயரையும் போட்டுத் தொழிலாளர் துறைக்கு மனு எழுது, ஒருவரை மட்டும் எழுதாதே. முன்பு ஒரு வருடத்துக்குள் கேட்க வேண்டும் என்றிருந்தது. புதிய நான்கில் ஒன்றான ஊதியத் தொகுப்பில் இப்போது மூன்று வருடம் அவகாசம். வேலையில் இருக்கும்போது கேட்கப் பயமாக இருந்தால், வேறு இடம் மாறிய பிறகும் கேட்கலாம்.