பனிக்குடம் உடைந்ததா? சொல்லும் நீலக்கோடு

எட்டாம் மாதம். திடீரென்று துணி நனைந்திருக்கிறது. ‘தண்ணிக்குடம் உடைஞ்சிருச்சோ?’ என்று வீடே பதறுகிறது. மளமளவென்று கொட்டினால் சந்தேகமே இல்லை. சொட்டுச் சொட்டாகக் கசியும்போதுதான் சிக்கல். அது சிறுநீராக இருக்கலாம், வெள்ளைப்படுதலாகவும் இருக்கலாம். பனிக்குட நீரைத் தவறவிட்டால் கிருமித்தொற்று பயம். இல்லாத கசிவை இருப்பதாக நினைத்தால் வீண் அட்மிஷன், ஆன்டிபயாடிக், சில சமயம் முன்கூட்டியே பிரசவம்.

நிறம் மாறும் காகிதத்தை வைத்துப் பார்ப்பது பழைய முறை. பனிக்குட நீரின் காரத்தன்மையை அது காட்டிக்கொடுக்கும். ஆனால் ரத்தம், விந்து, தொற்று எல்லாமே அந்தக் காகிதத்தை ஏமாற்றிவிடும்.

இதற்கு விடை வேறொரு திசையிலிருந்து வந்தது. ஜெர்மனியின் ஹான்ஸ் போன் 1980-இல் நஞ்சுக்கொடியிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்து, பி.பி.12 என்று பெயரிட்டார். அது என்ன வேலை செய்கிறது என்பது ஹெல்சிங்கி ஆய்வாளர்களால் 1986-இல் தெரியவந்தது. இன்சுலினைப் போன்ற வளர்ச்சிக் காரணியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் புரதம் அது. இன்றைய பெயர் ஐ.ஜி.எஃப்.பி.பி.-1.

இந்தப் புரதம் தாயின் ரத்தத்தில் இருப்பதைவிடப் பனிக்குட நீரில் 100 முதல் 1,000 மடங்கு அதிகம். சிறுநீரிலும் விந்திலும் பொருட்படுத்தும் அளவுக்கு இல்லை. இவ்வளவு பெரிய இடைவெளி இருக்கும்போது துல்லியமான எண்ணே தேவையில்லை. ‘உண்டா, இல்லையா’ தெரிந்தால் போதும். அதனால்தான் லேப் வேலை படுக்கையருகே வர முடிந்தது. பஞ்சுக்குச்சியில் எடுத்த கசிவைச் சிறு குப்பியிலுள்ள கரைசலில் சுழற்றி, பட்டையை அதில் நனைக்கிறார்கள். புரதம் இருந்தால், நீலத்துகள் ஏந்திய எதிர்ப்பொருள் அதைப் பற்றிக்கொண்டு மேலேறும். வழியில் காத்திருக்கும் இன்னொரு எதிர்ப்பொருள் பிடித்து நிறுத்த, அங்கே ஒரு நீலக்கோடு விழும். கர்ப்பப் பரிசோதனைக் கிட்டின் அதே தந்திரம். லிட்டருக்கு சுமார் 25 மைக்ரோகிராம் இருந்தாலே போதும். ஐந்து நிமிடத்தில் பதில்.

ரத்தப்போக்கு அதிகம் என்றால் இதுவும் தடுமாறும். ரத்தத்திலும் அந்தப் புரதம் கொஞ்சம் உண்டே. கசிவு நின்று வெகுநேரம் ஆகியிருந்தால் கோடு விழாமலே போகலாம். குறைமாதக் கசிவுச் சந்தேகத்துக்கு பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2015-இல் சொன்ன வழி எனக்குப் பிடித்திருக்கிறது: பிறப்புறுப்பின் உள்ளே பனிக்குட நீர் தேங்கியிருப்பது கண்ணில் பட்டால் டெஸ்டே வேண்டாம்; படாவிட்டால் மட்டும் இதைப் போன்ற ஒன்றைச் செய்து பார்க்கலாம், அதை மட்டுமே நம்பி முடிவெடுக்கக் கூடாது.

இதே புரதத்துக்கு பாஸ்பேட் ஏறிய வடிவம் ஒன்று உண்டு. கருப்பையின் உள்படலமான டெசிடுவாவில் அது நிறைய இருக்கும். அந்தப் படலம் பனிக்குடத்திலிருந்து விலகத் தொடங்கும்போது கருப்பைவாய்க்குக் கசிகிறது. குறைமாத வலியோடு வருபவர்களுக்கு அதைத் தேடுகிறார்கள். அங்கே கோடு விழாததுதான் சேதி: அடுத்த சில நாளில் பிரசவம் ஆக வாய்ப்பு குறைவு. கோடு விழுந்தால்? பலருக்கு அப்போதும் பிரசவம் ஆவதில்லை.