பணம் வந்து சேருமுன் கையெழுத்து வேண்டாம்

வீடு வாங்குபவருக்குப் புத்தி சொல்ல ஊரே இருக்கிறது. மூலப்பத்திரத்தைக் கேள், வில்லங்கம் போட்டுப் பார், வக்கீலிடம் காட்டு என்பார்கள். விற்பவரிடம் யாரும் வாய் திறப்பதில்லை. பணம் வாங்கப் போகிறவருக்கு என்ன பயம் என்ற நினைப்புதான். ஆனால் உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடுகிறவர் அவர். அதிலும் பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனியாக வீட்டை விற்கும் வயதானவர்கள் தரகரின் பேச்சை மட்டுமே நம்பிப் பதிவு அலுவலகத்துக்குப் போகிறார்கள்.

முதல் தவறு அட்வான்ஸிலேயே நடந்துவிடுகிறது. வீடோ மனையோ விற்பதற்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் 2015 ஜூன் 1 முதல் தடுத்திருக்கிறது. மீறினால் வாங்கிய தொகை முழுவதும் அபராதமாகப் போகலாம். ஐந்து லட்சம் வாங்கினால் ஐந்து லட்சம். அதைக் கட்ட வேண்டியவர் கொடுத்தவர் அல்ல, வாங்கியவர். பேரம் முறிந்து அட்வான்ஸைத் திருப்பும்போதும் வங்கி வழியாகவே திருப்புங்கள்.

அடுத்தது கிரய ஒப்பந்தம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் இதைப் பதிவு செய்வது கட்டாயம். இன்றும் பலர் முத்திரைத்தாளில் நாலு வரி எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு, கெடு தேதியைக் குறிப்பதே இல்லை. "மூணு மாசத்துல முடிச்சுக்கலாம்ணே" என்ற வாய்வார்த்தை நீதிமன்றத்தில் நிற்காது. ஒப்பந்தப்படி கிரயம் செய்து தரக் கேட்டு வாங்குபவர் வழக்குப் போட, கெடு தேதியிலிருந்து மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. தேதியே இல்லையென்றால், நீங்கள் மறுத்தது அவருக்குத் தெரியவந்த நாளிலிருந்துதான் அந்த மூன்று ஆண்டு தொடங்கும். அதாவது, தேதி எழுதாமல் விட்டால் வழக்கின் கதவை நீங்களே திறந்து வைக்கிறீர்கள்.

இன்னொருவர் கூடுதல் விலை சொன்னால், பழைய அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளலாம் என்றும் நினைக்காதீர்கள். 2018-இல் திருத்தப்பட்ட குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டம், பணத்தோடு தயாராக நிற்கும் வாங்குபவரின் கையைப் பலப்படுத்தியிருக்கிறது. அவர் பின்வாங்கினாலும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. இருவரும் சேர்ந்து ரத்துப் பத்திரம் பதிய வேண்டும். இல்லையேல் பழைய ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் அப்படியே கிடந்து, அடுத்து வருபவரை விரட்டும்.

"பவர் எழுதிக் கொடுங்க, நான் பார்ட்டியைப் பார்த்து மாத்திக்கிறேன்" என்று கேட்பவரிடம் இன்னும் எச்சரிக்கை தேவை. பொது அதிகாரப் பத்திரத்தால் சொத்துரிமை கைமாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே தெளிவுபடுத்திவிட்டது. சட்டப்படி உரிமையாளர் நீங்களே. ஆகவே அந்த முகவர் யாரிடம் என்ன விலைக்கு விற்றாலும் அது உங்களைக் கட்டும். வரிக் கேள்வியும் வழக்கும் உங்கள் வாசலுக்கே வரும்.

எல்லாவற்றிலும் கொடியது கடைசி நாளின் அவசரம். "மீதிப் பணம் சாயங்காலம் வந்துரும், டோக்கன் போட்டாச்சு, கையெழுத்தைப் போடுங்க" என்பார்கள். கிரயப் பத்திரத்தில் முழுத் தொகையும் பெற்றுக்கொண்டதாக வாசகம் இருக்கும். விலையில் பாக்கி இருக்கிறது என்பதற்காக மட்டும் பதிவான கிரயத்தை ரத்து செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்திருக்கிறது. பாக்கியை வசூலிக்க வழக்குப் போடலாம், வீடு திரும்பாது. பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டி, மிச்சத்தைத் தனியாகத் தருவதாகச் சொன்னால் நிலைமை இன்னும் மோசம். எழுத்தில் இல்லாத பணத்தை எதைக் காட்டிக் கேட்பீர்கள்? வரைவோலையைக் கையில் வாங்குங்கள், அல்லது பணம் கணக்கில் ஏறியதைப் பாருங்கள். வரைவோலை அல்லது பணப் பரிமாற்றத்தின் எண்ணும் தேதியும் பத்திரத்தில் இருக்கட்டும்.

பரம்பரை வீடென்றால் கட்டிக்கொடுத்த அக்கா தங்கையின் கையெழுத்தையும் முன்கூட்டியே பேசி முடியுங்கள். வீட்டுக் கடன் தீர்ந்திருந்தால் வங்கி 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு கேட்கலாம். விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடிப்பார். அது உங்கள் பான் எண்ணில் வரவாகியிருக்கிறதா என்று பாருங்கள். லாபத்துக்கு வரி உண்டு. இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்று, இரண்டு ஆண்டுக்குள் வேறு வீடு வாங்கினால் சலுகையும் உண்டு. ஆடிட்டரை விற்ற பிறகு அல்ல, விற்குமுன் பாருங்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவானாலும், சட்ட உதவி இலவசம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், குறைந்த வருமானமுள்ளோர் ஆகியோருக்கும் அப்படியே. தொலைபேசி எண் 15100. அட்வான்ஸுக்குக் கை நீட்டுமுன் அந்த எண்ணுக்குப் பேசுங்கள்.