கணக்கர் பணி

சோழர் காலக் கல்வெட்டுகளில் வரிக்கணக்கைப் பேணிய அலுவலர் 'வரிப்பொத்தகம்' எனக் குறிக்கப்படுகிறார். பொத்தகத்தின் பெயரே அதனைக் காத்தவருக்கும் ஆகிவந்துள்ளது. இன்றைய நிறுவனங்களில் கணக்கேடுகளைக் காக்கும் பொறுப்பு கணக்கருக்குரியது.

நாள்தோறும் நிகழும் கொள்முதல், விற்பனை, ஊதியம் முதலியவற்றைச் சான்றுச்சீட்டுகளின் துணைகொண்டு குறிப்பேட்டில் பதிந்து, பேரேட்டுக்கு மாற்றுவது அவர்தம் முதற்கடமை. வங்கி அறிக்கையோடு ரொக்க ஏட்டைச் சரிகட்டுவதும், சரக்கு மற்றும் சேவை வரிக்குரிய விவரங்களை உரிய நாளுக்குள் அளிப்பதும் அவர் பணிகளே.

இருப்பாய்வில் பற்றும் வரவும் ஒவ்வாதபோது அவர்தம் திறன் வெளிப்படும். வேறுபாடு 9ஆல் மீதியின்றி வகுபடுமாயின், இலக்கங்கள் இடம் மாறியிருக்கக்கூடும். பேரேட்டின் ஒருபுறத்தில் மட்டும் ரூ.5,400 என்பது ரூ.4,500 எனப் பதியப்பட்டால் வேறுபாடு ரூ.900 ஆகும். ஆயினும், இருபுறமும் ஒத்திருப்பதனாலேயே கணக்கு பிழையற்றதாகிவிடாது. ஒரு விற்பனை முற்றிலும் விடுபட்டிருப்பினும், ஒருவர் கணக்கில் ஏறவேண்டிய தொகை மற்றொருவர் கணக்கில் ஏறியிருப்பினும் கூட்டுத்தொகைகள் ஒத்தே நிற்கும். கடனைச் செலுத்திய வாடிக்கையாளருக்கே மீண்டும் கடன் நினைவூட்டு மடல் செல்லும் இழிநிலை இவ்வாறு நேர்வதுண்டு. சீட்டைக் கையிலெடுத்துப் பதிவோடு ஒப்பிடுபவரே இத்தகைய பிழையைக் காண்பார். மேலாளரே வற்புறுத்தினும், சான்றில்லாத செலவைப் பதிய மறுக்கும் உறுதியும் அவருக்கு வேண்டும். எந்தத் தேர்வாலும் அளக்கவியலாத தகுதி அது.

கல்வித்தகுதியாகப் பெரும்பாலும் வணிகவியல் பட்டமும் கணக்கியல் மென்பொருள் பயிற்சியும் எதிர்பார்க்கப்படுகின்றன. பட்டயக் கணக்கராக விழைவோர், 1949இல் நிறுவப்பட்ட இந்தியப் பட்டயக் கணக்கர்கள் நிறுவனத்தின் தேர்வுகளில் தேர்ச்சியோடு நடைமுறைப் பயிற்சியும் பெறுதல் வேண்டும். அதன் அடிப்படைத் தேர்வைப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவுடனே எழுதலாம்.