பிரேக் ஆயில் எண்ணெய் அன்று: பழைய ஜீப்பின் கசிவும் அதில் ஏறுவோரின் உரிமையும்

போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குத் தேனி மாவட்டத் தொழிலாளர்களை நாள்தோறும் ஏற்றிச் செல்லும் ஜீப்புகளுள் பழையனவும் உண்டு. அத்தகைய வண்டிகளில் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்கே பொருத்தப்பட்டிருக்கும். ஓட்டுநர் மிதியை அழுத்தும்போது, மாஸ்டர் சிலிண்டர் எனப்படும் முதன்மை உருளையிலுள்ள திரவம் அந்த அழுத்தத்தைக் குழாய்களின் வழியே ஒவ்வொரு சக்கரத்தின் வீல் சிலிண்டருக்கும் கடத்த, அதன் உந்துதண்டுகள் பிரேக் ஷூக்களை டிரம்மின் உட்சுவரோடு அழுத்துகின்றன. இந்த அமைப்பு முற்றும் மூடியதாதலால் திரவம் செலவாவதில்லை. லைனிங் தேய்வதற்கு ஏற்ப மட்டம் மிகச் சிறிதே இறங்கும். ஆகவே வாரந்தோறும் ஊற்ற நேர்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்பதே பொருள். முன், பின் சக்கரங்களுக்குத் தனித்தனிச் சுற்று இல்லாத மிகப் பழைய ஜீப்பில் ஒரே ஓர் இடத்துக் கசிவு நான்கு சக்கரங்களின் பிரேக்கையும் ஒருசேரப் பறித்துவிடும்.

ஓடைகளையும் சேற்றையும் கடக்கும் வண்டியில் முதலில் ஐயுறத்தக்கது வீல் சிலிண்டரே. டிரம்மினுள் புகும் நீரும் சேறும் உருளையின் உட்சுவரில் துருக்குழிகளை உண்டாக்க, அவற்றின்மேல் உராயும் ரப்பர் கப் கிழிந்து திரவம் வெளியேறுகிறது. சக்கரத்தின் உட்பக்கத்தில் ஈரம் படிவதும், பிரேக் பிடிக்கையில் வண்டி ஒருபுறம் இழுப்பதும் இதன் அடையாளங்கள். அங்கே தென்படும் ஈரம் அச்சிலிருந்து வரும் கியர் ஆயிலாகவும் இருக்கக்கூடும். அது தடித்துக் கந்தக வாடை வீசும், பிரேக் திரவமோ மெலிதாக இருந்து நீரில் கரையும், பட்ட இடத்தில் பெயின்ட்டை உரிக்கும். வெளியே ஒரு துளி ஈரமும் இல்லாமல், அழுத்திய மிதி மட்டும் மெல்ல மெல்ல இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரின் உள்ளேயே ரப்பர் தேய்ந்திருக்க வாய்ப்பு மிகுதி. இரும்புக் குழாய் சட்டத்தோடு உரசித் துருப்பிடித்த இடங்களையும், சக்கரத்தோடு அசையும் ரப்பர் ஹோஸின் வெடிப்புகளையும் அடுத்துப் பார்க்க வேண்டும்.

பழுதுபார்ப்பில் நேரும் பெருங்கேடு பெயரிலிருந்தே தொடங்குகிறது. பிரேக் ஆயில் என்று வழங்கப்படினும் டாட் 3, டாட் 4 வகைத் திரவங்கள் எண்ணெய் அல்ல, கிளைக்கால் சேர்மங்கள். அவசரத்துக்கு என்ஜின் ஆயிலையோ டீசலையோ ஊற்றினால் அமைப்பிலுள்ள ரப்பர் பாகங்கள் ஊதிப் பழுதாகும், பின்னர் அவை அனைத்தையும் மாற்றுவதன்றி வழியில்லை. இத்திரவம் காற்றின் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. புதிய டாட் 3 குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரமேறிய நிலையிலோ அந்த எல்லை 140 பாகையாகத் தாழ்கிறது. நெடிய மலை இறக்கத்தில் சூடேறும் பிரேக்கில் திரவம் ஆவியாகிவிட்டால் மிதி வெறுமையாகத் தரையைத் தொடும். திரவத்தில் நனைந்த லைனிங்கைத் துடைத்து மாட்டுவதும், கசியும் சக்கரத்தின் குழாயை அடைத்துவிட்டு மற்ற மூன்றை நம்பி ஓட்டுவதும் மன்னிக்கத்தக்க குறுக்குவழிகள் அல்ல. லைனிங்கை இருபக்கமும் இணையாக மாற்றி, குழிவிழுந்த சிலிண்டருக்கு ரப்பர் கிட் மட்டும் போடாமல் முழு சிலிண்டரையே புதிதாக்கி, மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்கி ஏர் எடுத்து (சிக்கிய காற்றை வெளியேற்றி), வெளிவந்த திரவத்தை மீண்டும் ஊற்றாமல் விடுவதே முறை.

இத்தகைய முறையான பழுதுபார்ப்பு உரிமையாளரின் விருப்பத்துக்கு விடப்பட்டதன்று. சாதாரணக் கவனத்தில் அறியக்கூடிய பழுதோடு, பிறருக்கு ஆபத்து விளைவிக்கும் வண்டியைப் பொதுச்சாலையில் ஓட்டுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. அதனால் விபத்தில் காயம் நேர்ந்தால் 3 மாதம் வரை சிறையும் விதிக்கலாம். 8 ஆண்டு கடந்த வாடகை வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று வேண்டும். இழப்பீட்டு வழக்கில் பிரேக் பிடிக்கவில்லை என்று வாதிடுபவரே, வண்டியை உரிய கவனத்தோடு பராமரித்ததை மெய்ப்பிக்க வேண்டியவர். ஆயினும், ஆள் ஏற்றும் அனுமதியில்லாத சொந்த வண்டியில் கட்டணம் கொடுத்துச் செல்பவருக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பை மறுக்க இடமுண்டு என்பதைத் தொழிலாளர் குடும்பங்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

போலி உதிரிபாகத்தாலோ குறைபட்ட வேலையாலோ பாதிக்கப்பட்ட உரிமையாளருக்கும் பரிகாரம் உண்டு. பணம் கொடுத்துச் சொந்தப் பயன்பாட்டுக்கோ தம் பிழைப்புக்கோ வண்டியைப் பழுதுபார்க்கக் கொடுத்தவர், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தையும் அழைக்கலாம். கொடுத்த தொகை 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத முறையீட்டுக்குக் கட்டணம் இல்லை. பட்டறையில் பில்லும், மாற்றிய பழைய பாகமும், புதிய பாகத்தின் உறையும் கேட்டு வாங்கி வைத்திருப்பவரின் வழக்கே அங்கு எளிதில் நிலைக்கும்.